அருவிக்குப் போகும் இரண்டு சைக்கிள்கள்

கரீம் முன்சக்கரத்தை மறுபடியும் அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. அதனால் பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார்.

அதிலும் குறை இல்லை. வேண்டிய நேரத்தில் காற்று இறங்காத டயரைப் போல மனிதனுக்குத் துரோகம் செய்யும் பொருள் வேறில்லை.

பெரியநாயக்கன்பாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் தார் ரோடு முடிகிற இடம் அது. அங்கிருந்து கல்லும் வேருமாக ஒரு ஒற்றையடிப் பாதை ஏறி அருவிக்குப் போகிறது. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். தோட்டக்காரர் ஒருவர் போட்ட மண் ரோடும் சுற்றிக்கொண்டு அதே அருவிக்குத்தான் போகிறது என்பதை மட்டும் பேசமாட்டார்கள்.

கரீமின் வீரம் முழுவதும் அந்த மண் ரோட்டில் விளைந்ததுதான்.

ஏனென்றால் அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சுமாராகத் தெரியும் என்றோ, மறந்துபோனது என்றோ இல்லை. அடியோடு தெரியாது. கோட்டைமேட்டில் பாத்திரக்கடை, கடைக்கு மேலேயே வீடு. சைக்கிள் மிதிக்கும் அவசியம் அவருக்கு வந்ததே இல்லை. சர்க்கரைதான் வந்தது. அதைக் கேள்விப்பட்டு, மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ரைஹான் ஒரு மலைச் சைக்கிளை வாங்கி அனுப்பிவிட்டான். தானும் அங்கே அதே மாதிரி ஒன்று வைத்திருப்பதாகவும், அத்தாவும் மகனும் ஆளுக்கொரு மலையில் வாரம் தவறாமல் ஓட்டலாம் என்றும் சொன்னான்.

ஆசையாக அனுப்பியவனிடம் உண்மையைச் சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? கரீமுக்கு வரவில்லை. உதயின் மினி லாரி வந்தது.

கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் வண்டி அது. ஞாயிறுதோறும் சைக்கிள் அதன் முதுகில் மல்லாந்து படுத்துக்கொண்டு அருவிவரை சொகுசாகப் போயிற்று. அங்கே உதய் டயரில் சேற்றை அப்புவான். கரீம் ஹெல்மெட்டை மாட்டி, அருவித் தண்ணீரைச் சட்டையில் தெளித்து வியர்த்துக்கொள்வார். பிறகு சைக்கிளைப் பிடித்தபடி ஒரு படம்.

ரைஹானும் பதிலுக்கு அனுப்புவான். செம்மண் நிறப் பாறை, சைக்கிள், சிரிப்பு.

படங்கள் குடும்பத்தோடு நிற்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அவரைச் சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். "ஏத்தத்துல மூச்சு வாங்கினா என்னங்க பாய் செய்யறது?" என்று பல் டாக்டர் ஒருவர் கேட்டார். மனசுதான் முக்கியம் என்று கரீம் பதில் போட்டார். குழுவே கை கூப்பியது.

அந்தக் கூப்பல் தலைக்கேறிய வேளையில்தான், லீவில் வந்தால் அருவிக்குத் தானே கூட்டிப்போவதாக மகனிடம் சொல்லித் தொலைத்தார். லீவு கிடைக்காது என்ற தைரியம்.

கிடைத்துவிட்டது.

நேற்று ராத்திரி வந்து இறங்கினான். மாடிப்படியில் காலை இழுத்து இழுத்து ஏறினான்; விமானத்தில் உட்கார்ந்தே வந்ததில் மரத்துவிட்டது என்றான். விடிந்ததும் மனைவி இஸ்மத் பேரீச்சம்பழ டப்பாவையும் ஃபிளாஸ்க்கையும் கையில் திணித்து இருவரையும் கிளப்பிவிட்டாள். புருஷனின் வீரம் எவ்வளவு என்று அறிந்தவள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் வழியனுப்பினாள். மகனுக்கென்று பல் டாக்டர் தன் சைக்கிளை இரவல் கொடுத்திருந்தார். ஊரே சேர்ந்து கரீமைக் கவிழ்க்க வரிந்து கட்டிக்கொண்டு நின்றது.

உதய் இரண்டு சைக்கிள்களையும் இறக்கி லாரிமேல் சாய்த்துவிட்டு, வேடிக்கை பார்க்க வாகான இடமாகப் பார்த்து உட்கார்ந்தான்.

கரீம் ஹெல்மெட் வாரை இறுக்கினார், தளர்த்தினார், இறுக்கினார். தண்ணீர் குடித்தார். உண்மையைச் சொல்வதா, ஏறி விழுவதா என்று யோசித்தார். விழுவதே கௌரவமாகப் பட்டது.

ரைஹானும் இன்னும் ஏறவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் லாரியின் மறுபக்கம் நின்று கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், வலது முழங்காலுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, மூட்டையைத் தூக்குவதுபோலத் தன் காலைத் தூக்கினான்.

கால் மடங்கவில்லை. பேண்ட் நுனி மேலேறியது. கணுக்காலிலிருந்து கண்ணுக்குத் தெரிந்த மட்டும் தையல் தழும்பு.

பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் காலை இறக்கி வைத்தான்.

மஸ்கட் படங்கள் ஒவ்வொன்றாகக் கரீமின் கண்முன் வந்தன. எல்லாவற்றிலும் அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றில்கூட ஏறி உட்கார்ந்திருக்கவில்லை. உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் கரீமுக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிலில் அவர்தானே கைதேர்ந்தவர்.

எப்போது நடந்தது, எப்படி, ஆஸ்பத்திரியில் கூட யார் இருந்தார்கள்?

ரைஹான் நிமிர்ந்தான். அதே படத்துச் சிரிப்பு. "போலாங்களா அத்தா?"

கரீம் ஹெல்மெட்டைக் கழற்றினார். "மழை வர்றாப்பல இருக்குது கண்ணு. வண்டியிலயே போயிரலாம்."

ரைஹான் அண்ணாந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"ஆமாங்க அத்தா. நல்லாக் கருத்துக்கிட்டு வருது."

உதய் எழுந்து லாரியின் பின்கதவைத் திறந்தான். மலைக்கு மேலே ஒரு பஞ்சுத் துணுக்கு அளவுக்குக்கூட மேகம் இல்லை.