எட்டுப் பெயர்

இறால் கம்பெனியின் குளிர் அறைக் கதவில் ஒரு சிறு கருவி இருந்தது. உள்ளே போகிறவர்களின் அட்டையைப் படித்துப் பெயரை வைத்துக்கொள்ளும்; வெளியே வரும்போது அட்டையைக் காட்டினால் அந்தப் பெயரை அழித்துவிடும். எல்லாரும் வெளியேறியதும் கதவைப் பூட்டிவிடும். பிறகு மறுநாள் காலையில்தான் திறக்கும். அதற்கு நிரல் எழுதிய கயல்மொழி, நினைவகத்தை மிச்சப்படுத்தப் பட்டியலை எட்டுப் பெயர்களோடு நிறுத்தியிருந்தாள். ஒன்பதாவதாக ஒரு பெயர் வந்தால் கருவி சத்தமில்லாமல் விட்டுவிடும். "எட்டுப் பேருக்கு மேல ஒருநாளும் உள்ள போனதில்ல மேடம்" என்று மேற்பார்வையாளர் சேவியர் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எட்டாவது பெண் அட்டையைக் காட்டியதும் கதவு பூட்டிக்கொண்டது. பூட்ஸைக் கழற்றி, அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். சுவரோரம் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது.

"இது யாரோடது?"

"புஷ்பத்தோடது. லோடு கூடுதல்னு இன்னைக்குக் கடைசியா அவளையும் உள்ள அனுப்பினேன்" என்றார் சேவியர். "முன்னாடியே வந்திருப்பா. அதான் மெஷினே யாருமில்லன்னு காட்டுதே."

கயல்மொழி கதவில் காதை வைத்தாள். ஒரு சாண் கனமுள்ள கதவு; ஒன்றும் கேட்கவில்லை.

"சாவி எங்க?"

"சாவியா? இனிமே அது வேண்டாம்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"