கள்ளிக்கு வயது ஏழு

“இது என்ன ஜாதி, என்ன வயசுன்னு சொல்லணுங்க. வீட்டுக்காரர் வேலைக்குப் போனப்புறம் அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன்” என்றபடி, அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து சின்னத் தொட்டி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கள்ளிச்செடி.

நர்சரிக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் வாயில் பொய் வராது என்று ஊரெல்லாம் பேச்சு. செடி வாங்க வந்தவரிடமே “உங்க கைக்கு இது ஒரு மாசம் தாங்காது, வேண்டாம்” என்று சொல்லி, வந்த வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற மனுஷன்.

“எத்தனை வருஷமா வீட்டுல இருக்கு?”

“ஏழு வருஷம். எங்க பொண்ணு பள்ளிக்கூடக் கண்காட்சியில ஆசைப்பட்டு வாங்கினது. வாங்கின மூணாம் மாசமே போயிட்டா. வெறும் காய்ச்சல்னுதான் நெனச்சோம்.”

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி, தொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

“அவ போனதுலேர்ந்து அவ அப்பாதான் இதுக்குத் தண்ணி ஊத்தறது. காலையில இதுகிட்ட ரெண்டு வார்த்தை பேசாம வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். இதுலதான் உயிரையே வெச்சிருக்கார்.”

நர்சரிக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். அதில் முள்ளெல்லாம் நேராக இருந்தது. தொட்டியில் இருந்த செடியிலோ, ஒவ்வொரு கொத்திலும் நடுமுள் தூண்டில் மாதிரி வளைந்திருந்தது. ஜாதியே வேறு.

வயதும் இடித்தது. ஏழு வருஷக் கள்ளி என்றால் அடிப்பக்கம் காய்ந்த பட்டைபோல் பழுப்பேறியிருக்க வேண்டும். இடுக்கியால் மண்ணை விலக்கிப் பார்த்தார். வேர்வரை பச்சை. மிஞ்சிப்போனால் இரண்டு வயது.

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பழைய செடி எப்போதோ அழுகிப்போயிருக்கிறது. தண்ணீர் ஊற்றுகிறவர், பெண்டாட்டி மனசு உடைந்துவிடக் கூடாதே என்று சத்தம் போடாமல் வேறொன்றை வாங்கி வைத்துவிட்டார். இவளுக்கு எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் செடியைப் பார்க்கவே இல்லை. அவர் இடுக்கியை எடுத்ததிலிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வை அவரை என்னவோ செய்தது. முப்பது வருஷத் தொழிலில் இல்லாத வழக்கமாக, அவள் கண்ணைப் பார்க்காமல், விலக்கிய மண்ணை மூடிக்கொண்டே ஆரம்பித்தார்.

“மாமில்லேரியான்னு சொல்ற உருண்டைக் கள்ளிம்மா இது. படத்துல இருக்கறதும் இதுவும் ஒரே செடிதான், வயசு ஏழுக்குக் குறையாது. சின்னதுல முள்ளு நேராத்தான் இருக்கும், வளர வளர வளைஞ்சிரும்.”

“நெஜமாவா?”

“நான் எதுக்கும்மா பொய் சொல்லப் போறேன்?”

“இன்னும் எத்தனை வருஷம் இருக்கும்?”

“அளவாத் தண்ணி ஊத்தினா நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும்.” இதையாவது உண்மையாகச் சொல்ல முடிந்ததே என்று அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் பைக்குள் வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“நாளைக்கு அவரே இதைத் தூக்கிக்கிட்டு உங்ககிட்ட வரப்போறார். நீங்க மூஞ்சிக்கு நேரா உண்மையச் சொல்ற ஆளுன்னு யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. இப்ப எங்கிட்ட சொன்னதை, ஒரு வார்த்தை மாறாம அவர்கிட்டயும் சொல்லிடுங்க.”

நர்சரிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “அவர்கிட்ட நான் என்னம்மா சொல்றது? அவருக்குத் தெரியாததா?”

“தெரியாதுங்க. மாத்தி வெச்சது நான்தான்.”