மடிச்சுக் கட்டின வேட்டி

"தானா எறக்கி விட்டா அது மரியாதைடா. இன்னொருத்தன் எறக்கச் சொன்னா, அது…"

அது என்ன என்று பெரியப்பா ஏதோ சொல்லித்தான் முடித்தார். அந்தப் பின்பாதி மட்டும் ராயப்பனுக்கு ஞாபகத்தில் இல்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு ஊர்த்தெரு வழியாகப் போனதற்காக, பெரியப்பாவை மேல்சாதிக்காரர்கள் நடுத்தெருவில் நிறுத்தி, சைக்கிளை விட்டு இறங்கி வேட்டியை இறக்கிவிடச் சொன்ன நாள் அது. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

இப்போது அதே வேட்டிப் பேச்சு ராயப்பனைத் தேடி வந்திருந்தது.

"அந்தப் போர்டக் கழட்டச் சொல்லுடா" என்றாள் அம்மா பாக்கியமேரி, பூசை முடிந்து வந்த கையோடு.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில், வேட்டி விளம்பரப் போர்டில், பனைமர உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான் ராயப்பன். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி. வலது கால் கரும்பு டிராக்டரில் போனது. அது இருக்கவேண்டிய இடத்தில், ஓடுவதற்கென்றே செய்த செயற்கைக் கால், வளைந்த கறுப்பு பிளேடு. மாநிலப் போட்டியில் அவன் ஓடி ஜெயித்தது அதில்தான். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'மடித்துக் கட்டினால் மலையும் தாண்டலாம்!'

"இன்னாம்மா ஆச்சு?"

"சாமியாரு கார்ல போறப்பகூட உம்புள்ள வேட்டிய எறக்க மாட்டேன்றானேன்னு இருதயமேரி கேக்கறா."

"போர்டுல இருக்கறவன் எப்பிடிம்மா எறக்குவான்?"

"எனக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியணுமே. கால் போயும் திமிர் போவலன்னு பேசிக்கினு இருக்காங்க."

அவன் திமிர் என்ன என்பது போட்டோ எடுத்த யாஹ்யா பாய்க்குத்தான் தெரியும். அன்று ஸ்டூடியோவுக்குள் வேட்டிக் கம்பெனி முதலாளி தெய்வசிகாமணி நுழைந்ததும், ராயப்பன் கை தானாகப் போய் முடிச்சை அவிழ்த்துவிட்டது. வேட்டி சரிந்து பிளேடை மூடியது.

"யோவ், எறக்காதய்யா! அந்தக் காலுக்குத்தான்யா இத்தினி லைட்டு!" என்று கத்தினார் யாஹ்யா பாய்.

முதலாளி சிரித்தார். "நம்ம முன்னாடி என்ன தம்பி மரியாதை? மடிச்சுக் கட்டியே நில்லுங்க. உங்களப் பாத்து நாலு பேரு கத்துக்கட்டும்."

அதுவரை எந்தப் பெரிய மனுஷனும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த வார்த்தை நாக்கில் இனித்துக்கொண்டே வந்தது.

பிளேடில் விரிசல் கண்டிருந்தது. தேசியப் போட்டிக்குள் மாற்றாவிட்டால் இந்த வருஷம் ஓட்டமில்லை. அதற்கும் முதலாளி வழி சொல்லியிருந்தார்.

"திண்டிவனத்துல நம்ம புதுக் கடை திறப்பு விழாவுக்கு வந்துடுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான், புது பிளேடு நம்ம செலவுன்னு மேடையிலேயே அறிவிச்சுடறேன்."

விழாவன்று கடை வாசலில் வாழைமரம், நாயனம். போர்டில் இருப்பது போலவே வேட்டியை மடித்துக் கட்டி, அதே பிளேடில் மேடையில் நின்றான் ராயப்பன். அந்தக் காலில் ஓடலாம். சும்மா நிற்பதுதான் பாடு. லேசாக ஆடிக்கொண்டே நின்றான். கீழே பாக்கியமேரி, பக்கத்தில் இருதயமேரி.

முதலாளியின் தாயாரைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வந்தார்கள். ராயப்பன் முடிச்சை அவிழ்த்து, வேட்டியை இறக்கிவிட்டுக் கைகூப்பினான். அந்த அம்மாள் நின்று, அவன் முகத்தைப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனார்.

பாக்கியமேரி முழங்கையால் இருதயமேரியை இடித்தாள். "பாத்துக்கினியா? எறக்கவே மாட்டான்னியே!"

முதலாளி அவன் காதருகே வந்தார்.

"நல்லவேளை, நீங்களே எறக்கிட்டீங்க. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கினு இருந்தேன். அப்படியே இருக்கட்டும். வெளக்கு ஏத்தி முடியற வரைக்கும் மடிக்க வேணாம்."

"ஏன் சார்?"

"நல்ல காரியம் பாருங்க. இந்த நேரத்துல ஊனம் கண்ணுல படக் கூடாதுன்னு வீட்ல நெனைக்கிறாங்க."

"ரோட்டுல அவ்ளோ பெரிசா வச்சிருக்கீங்களே சார்."

"அது ரோடு தம்பி. இது நம்ம எடம்." தோளைத் தட்டினார். "ஒரு அஞ்சு நிமிஷம். அடுத்து உங்க விஷயத்தத்தான் மைக்ல சொல்லப் போறேன்."

"ராயப்பா, கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுய்யா" என்றார் கேமராவுக்குப் பின்னாலிருந்து யாஹ்யா பாய். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ராயப்பன் கீழே பார்த்தான். வேட்டிக் கரை பிளேடின் நுனியையும் மறைத்திருந்தது. அம்மா பெருமையோடு சிரித்தாள். அப்படியே இரு என்று கையைக் காட்டினாள்.

அப்படியே இருந்தால் போதும். புது பிளேடு வந்துவிடும்.

பெரியப்பா சொன்னதன் பின்பாதி அப்போதும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நாயனம் உச்சத்துக்குப் போனது. முதலாளி மெழுகுவத்தியைப் பற்றவைத்துத் தாயார் கையில் கொடுத்தார்.

ராயப்பன் குனிந்து, வேட்டியின் இரண்டு நுனியையும் எடுத்து, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டான்.