பெரிய துண்டு கேக்

"கேக் வாங்கி வாங்கியே லீடர் ஆயிட்டா பாரேன்" என்று முணுமுணுத்தான் ரீஸ்.

ஆக்லாந்தில் எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். நாடு முழுக்கப் போகிற பார்சல்களின் விவரம் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களில் எங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் யாருடைய பகுதி வேலை செய்யாமல் படுத்துக்கொள்கிறதோ, அவர் அந்த வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கேக் வாங்க வேண்டும்.

ரீஸ் வந்து சேர்ந்த இந்த ஆறு மாதத்தில் செஃபீனா மூன்று தடவை வாங்கிவிட்டாள். அவன் ஒரு தடவைகூட இல்லை.

ஆனால் லீடர் பதவி செஃபீனாவுக்கு. சிட்னியில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்தவனுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"செஃபீனா, அடுத்த தடவை சிஸ்டத்தை விழ வச்சா சாக்லேட் கேக்கா வாங்கேன். இந்த கேரட் கேக் திகட்டிப்போச்சு" என்று குத்துவான்.

"சரிப்பா, இப்ப இதைச் சாப்பிடு" என்று சிரித்தபடி தட்டை நீட்டுவாள். இருப்பதிலேயே பெரிய துண்டாக எடுத்துக்கொள்வான்.

பொறுக்க முடியாமல் மேனேஜர் நைரியின் அறைக்கே போய்விட்டான்.

"மூணு தடவை சிஸ்டத்தைப் படுக்க வச்சவளுக்குப் பதவி. ஒரு தப்பும் பண்ணாத எனக்கு அல்வாவா?"

நைரி காபியைக் கீழே வைத்தாள்.

"உன்னோட புரொபேஷன் எப்ப முடிஞ்சுது?"

"நேத்து. ஏன் கேக்கறீங்க?"

"அப்ப சொல்லலாம். உன் புரோகிராம்தான் ஒரே பார்சல் விவரத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிச்சுது. தாங்காம அவ பக்கம் விழுந்துது. மூணு தடவையும்."



"யாருமே எங்கிட்ட சொல்லலையே..."

"வெளிய தெரிஞ்சிருந்தா உன் வேலை போயிருக்கும். 'குழந்தை குட்டியோட கடல் தாண்டி வந்திருக்கான், புரொபேஷன் முடியட்டும், நானே திருத்திடறேன்'னு செஃபீனாதான் எங்கிட்ட வந்து நின்னா."

"அப்ப... அந்த கேக்?"

"பெரிய துண்டா எடுத்துட்டோமேன்னு சங்கடப்படாதே ரீஸ். உன் கேக்தானே."