எங்க ரத்தமே வேற

ஒரு மனிதன் அரிப்புத் தாங்காமல் சட்டையைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டான். அந்தச் சட்டையின் தையலுக்குள் குடியிருந்த சீலைப்பேன்களில் ஒன்று மட்டும், கழற்றும்போதே அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு தப்பித்து, அவன் பிடரி வழியே மூச்சிரைக்க மேலே ஏறியது.

முடி தொடங்கும் இடத்தில் காவல் நின்ற தலைப்பேனுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"நில்லுடா! துணியில கிடக்கிற வகையறாவுக்குத் தலையில என்ன வேலை?"

"அண்ணே, எங்க ஆளுங்க எல்லாரும் வெந்துட்டாங்க. ஒரே ஒரு முடியைப் பிடிச்சுக்கறேன். மனுஷன் துணி உடுத்தாத காலத்துல நம்ம பாட்டன்மார் ஒரே தலையிலதானே இருந்தாங்க?"

"துணி வந்ததும் கீழே எறங்கிப் போனது யாரு? உன் நிறம் வேற, எங்க நிறம் வேற. எங்க ரத்தமே வேற!"

அப்போது உச்சியில் சரசரவென்று சத்தம் கேட்டது. அவன் மனைவி பேன் சீப்பை வைத்து இழுக்கத் தொடங்கிவிட்டாள். காதுக்குப் பின்னால் சீப்பு எட்டாத பள்ளம் ஒன்று இருப்பது தலைப்பேனுக்குத் தெரியும். ஆனால் தான் நகர்ந்தால் இந்தச் சீலைப்பேன் உள்ளே நுழைந்துவிடுமே!

"அண்ணே, சீப்பு வருது, ஓடுங்க!"

"நீ மொதல்ல எறங்கு!"

சீப்பு இரண்டையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. அவள் இரண்டையும் கட்டைவிரல் நகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நசுக்கினாள்.

நகத்தை எட்டிப் பார்த்தான் அவன்.

"அடப் பாவிகளா, அத்தனையும் என் ரத்தம்!"