ஜெயித்த பிறகு

சிகாமணி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீரு சொல்றது சரிதாம்வே. மேல யாரும் இல்ல."

பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஸ்கூட்டர் கடைக்காரருக்குப் புரையேறிவிட்டது.

இத்தனை வருஷமாக இதே பெஞ்சில், கடவுள் உண்டா இல்லையா என்று இதே சண்டை. சிகாமணி ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்று கடைக்காரர் சொன்ன வாதம்கூட அவரிடம் இருந்தவற்றிலேயே சோனியானது. சும்மா பேச்சைத் தொடங்கி வைக்கச் சொன்னது. பெரிய வாதங்கள் எல்லாம் இனிமேல்தான் வர இருந்தன. அவற்றை இனி யாரிடம் கொண்டுபோவது?

ஆனாலும் ஜெயித்தவர் ஜெயித்தவர்தானே. தோற்றவருக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தார்.

பாளையங்கோட்டையில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடை அவருக்கு. கல்லாவுக்கு அடியில் பிரேக் கேபிள்களோடு தத்துவப் புத்தகங்களும் கிடக்கும். ஆன்மா உண்டா என்ற அத்தியாயத்தில் அவர் இருக்கும்போது யாராவது வந்து பிளக் கேட்டால், "இல்ல" என்றுவிடுவார். எது இல்லை என்பது வந்தவருக்குத் தெரியாது.

வீட்டில் இதெல்லாம் எடுபடாது. மனைவி கிரேஸ் தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடுதீங்களா, இல்ல சோறு இருக்குன்னு முதல்ல நிரூபிக்கணுமா?" என்பாள்.

காது கொடுத்த ஒரே ஆள் சிகாமணிதான். சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர்.

அந்த ஞாயிறு சிகாமணி சர்ச்சுக்குப் போகவில்லை.

கடைக்காரர் வழக்கம்போல மொட்டை மாடியில் நாற்காலி போட்டுப் புத்தகத்தை விரித்தார். இரண்டு தெரு தள்ளி மணி அடித்தது. பாட்டு கிளம்பியது.

ஏதோ இடித்தது.

மெல்லிய குரல்கள் எல்லாம் மேலே மேலே போயின. கீழே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

காது பழகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார். அதே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தார்.

திங்கட்கிழமை காலையில் சிகாமணி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். செவ்வாயும் வந்தார்.

"அடுத்து என்னவே படிக்கணும்?"

"மனுசன் தானா எதையும் தீர்மானிக்கிறதில்ல, எல்லாம் முன்னாடியே முடிவானதுன்னு ஒருத்தர் எழுதுதாரு."

"சரிதான்."

"அது தப்புன்னு இன்னொருத்தர் எழுதுதாரு."

"அதுவும் சரிதான்."

கடைக்காரருக்கு அழுகை வரும்போல இருந்தது.

புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர், "கர்த்தருக்குச் சித்தமானா நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்" என்றார். "யாருக்குச் சித்தமானா?" என்று ஸ்டூலில் இருந்து ஒரு குரல் கேட்டது. வாடிக்கையாளர் நேரே எதிர்க் கடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை சிகாமணியின் மனைவி ரத்னாபாய் வந்தாள். ஸ்டூல் காலியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"அண்ணாச்சி, அவுககிட்ட இருந்து எடுத்தத திருப்பிக் குடுத்துருங்க."

"நான் ஒண்ணும் எடுக்கலம்மா. அறிவுப்பூர்வமா பேசிக்கிட்டிருந்தோம்..."

"குளிக்கும்போதுகூட பாட மாட்டேங்காவ. தண்ணிச் சத்தம் மட்டும்தான் கேக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் புத்தகங்களை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை எதிர்க்கட்சியின் பக்கங்களை. மறுப்பதற்காக மட்டுமே படித்து வைத்திருந்ததையெல்லாம் பரீட்சைக்குப் போகிறவரைப்போல மனப்பாடம் செய்தார்.

மறுநாள் டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்தார்.

"இவ்வளவு ஒழுங்கான உலகம் தானா வந்திருக்குமாவே?"

"கொசுவும் ஒழுங்குலதான் சேத்தியா? இது நீரு சொன்னது."

"ஒருத்தர் தொடங்கி வைக்காம எதுதான் தொடங்கும்?"

"அவரத் தொடங்கி வச்சது யாரு? இதுவும் நீரு சொன்னது."

ஒவ்வொன்றாக விழுந்தது. தன் வாதங்கள் இத்தனை பலமானவை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பெருமையாக இருந்தது. எரிச்சல் எரிச்சலாகவும் வந்தது.

கடைசியில் கிளாஸை டக்கென்று வைத்தார்.

"இல்லவே. மேல யாரும் இல்ல. ஆனா நீரு இல்லாம அந்தப் பாட்டக் கேக்க முடியல."

சிகாமணி ஆறிப்போன டீயை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார்.

"இனிமே தனியா உள்ள போக வெக்கமா இருக்குவே" என்றார் பிறகு. "நீரும் வாரும்."

ஞாயிற்றுக்கிழமை.

கடைக்காரருக்குச் சர்ச்சில் கடைசி பெஞ்சின் ஓரம் கிடைத்தது. முன்னால் பெண்கள் பக்கத்தில் இருந்த கிரேஸ் தற்செயலாகத் திரும்பினாள். சட்டென்று முன்னால் பார்த்துக்கொண்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை.

பாட்டு கிளம்பியது.

இரண்டாவது அடியில் அந்தக் குரல் வந்து சேர்ந்தது. கொஞ்சம் தயங்கி, பிறகு தயங்காமல். உள்ளங்கைக்கு அடியில் பெஞ்சுப் பலகை லேசாக அதிர்ந்தது.

"ஜெபம் செய்வோம்" என்றார் போதகர். சர்ச் முழுக்கக் கண்களை மூடியது.

கடைக்காரர் மூடவில்லை. கொள்கை.

பாடகர் வரிசையிலும் ஒருவர் மூடவில்லை. குனிந்த அத்தனை தலைகளுக்கும் மேலாக சிகாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர்தான் முதலில் கண்களை மூடிக்கொண்டார்.