கரடி விட்டவன்

காட்டுக்குள் அந்தத் தகரக் கொட்டகை வாசலில் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர்: இங்கே உடம்பெல்லாம் மயிர் மூடிய ராட்சத மனிதனைப் பார்த்ததாகச் சொல்லி ஊர் சிரிப்புக்கு ஆளான தணிகாசலம், அவனுக்குக் 'கரடி' என்று பட்டப்பெயர் வைத்த மச்சான் ஏகாம்பரம்.

"கரடி விடறதுக்கும் ஓர் அளவு வேணும் மாப்ளே. எங்கே உன் ஆளு?"

"ஒரு தடவை பாத்துட்டு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க மச்சான். கோவிச்சுக்கிட்டுப் போனவ திரும்பி வந்துடுவா."

பொழுது சாயும்போது மூங்கில் புதர் விலகியது. ஒன்றரை ஆள் உயரத்தில், இரண்டு காலில் நிமிர்ந்து நடந்துவந்து, அது ஏகாம்பரத்தை உற்றுப் பார்த்தது. டீயைத் தொடையில் கொட்டிக்கொண்டு அவன் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான்.

தணிகாசலம் கதவைத் தட்டினான். திறக்கச் சொல்லவில்லை.

"என்ன பாத்தீங்க மச்சான்? அதை மட்டும் சொல்லுங்க."

தணிகாசலத்தின் பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

"கரடி" என்றது உள்ளேயிருந்து நடுங்கிய குரல். தாழ்ப்பாள் விழுந்தது.